ஒரு மணி நேரத் துப்பறியும் படம்: எந்த ஆளோட ஆரம்பிக்கறது?

போன ரெண்டு மாசத்துல மூணு பேரு என்கிட்ட ஒரே கேள்விய வேற வேற மாதிரி கேட்டுட்டாங்க. பழைய ஹாலிவுட் கறுப்பு வெள்ளை துப்பறியும் படம் பாக்கணும், பெரிய டைரக்டர் படமெல்லாம் இல்ல, 1930கள்லயும் 40கள்லயும் வரிசையா எடுத்துத் தள்ளினாங்களே அந்த சின்ன பட்ஜெட் சீரிஸ், அதுல எத முதல்ல தொடறது? கேள்வி நியாயம் தான். நான் கீழ எடுத்துக்கிட்ட அஞ்சு சீரிஸ மட்டும் கூட்டினாலே 91 படம் வருது, அதுல 4 தொலைஞ்சே போச்சு, மிச்சம் 87. தப்பான படத்துல கால வச்சா இருபது நிமிஷத்துல மூடி வச்சிட்டு போயிடுவீங்க.

எனக்கு அப்படித்தான் ஆச்சு. எங்கயோ சல்லிசா கிடைச்சுதுன்னு அம்பது படம் அடைச்ச ஒரு டிவிடி பெட்டி வாங்கினேன், முதல் தட்டப் போட்டா துப்பறிவாளர் ஒரு ரூமுக்குள்ள வர்றாரு, சட்டை காலர் மட்டும் வெள்ளையா மெதக்குது, மூஞ்சியக் காணோம். பேசறது கிணத்துக்குள்ள இருந்து பேசற மாதிரி. கொலைகாரன் யாருன்னு கடைசில சொன்னாங்க, அந்த ஆள் படத்துல எங்க வந்தாருன்னே எனக்குத் தெரியல. ஆறு மாசம் அந்தப் பக்கமே போகல.

அதனால இந்த ஒப்பீடு. முதல்ல ஒரு சின்ன பின்கதை, அது தெரிஞ்சா தான் எதுக்கு எவ்ளோ மார்க் போடறதுன்னு புரியும்.

ஏன் எல்லாம் ஒரு மணி நேரம்?

1930கள்ல அமெரிக்காவுல பொருளாதாரம் படுத்துப் போச்சு, தியேட்டருக்கு ஆள் வரல, சரி ஒரே டிக்கெட்டுக்கு ரெண்டு படம் காட்டுவோம்னு ஆரம்பிச்சாங்க. பெரிய ஸ்டார் படம் ஒண்ணு, அதுக்குத் துணையா சின்னப் படம் ஒண்ணு, அதான் பி படம். பெரிய படத்துக்கு வசூல்ல பங்கு, சின்னப் படத்துக்கு மொத்தமா ஒரு வாடகை, அவ்ளோ தான். படம் நல்லா இருந்தாலும் அதே காசு, மோசமா இருந்தாலும் அதே காசு. வரவு முன்னாடியே தெரியறதால செலவ அதுக்குள்ள அடக்கணும்: ரெண்டு மூணு வாரத்துல ஷூட்டிங், வேற படத்துக்குப் போட்ட செட்டு, மாசச் சம்பளத்துல ஏற்கெனவே இருக்கற நடிகர்கள். ஒரே ஹீரோ திரும்பத் திரும்ப வந்தா அவர் யாருன்னு விளக்க அஞ்சு நிமிஷம் கூட செலவாகாது, அதான் எல்லாம் சீரிஸ்.

என் கட்சி என்னன்னா, இந்தப் படங்கள யாரும் புதிருக்காகப் பாக்கல, பாக்கவும் வேணாம். ஒரு ஆளோட ஒரு மணி நேரம் உக்காந்திருக்கறதுக்காகவும், கையில காசே இல்லாதவன் எப்படி வீட்ட ஜோடிச்சு வச்சிருக்கான்னு ரசிக்கறதுக்காகவும் தான் பாக்கறது. மாத நாவல் படிச்சு வளந்தவங்களுக்கு இத தனியா விளக்க வேண்டியதில்ல, அட்டையப் பாத்தாலே இந்த மாசம் எந்த ஆளுன்னு தெரிஞ்சிடும்ல.

எத வச்சு அளக்கறது

நான் பாக்கறது அஞ்சு விஷயம். துணை: இந்த ஆளோட பத்து படம் உக்கார முடியுமா? புதிர்: ரொம்ப யோசிக்காம இருந்தாலும் கடைசில ஏமாத்தாம இருக்கா? பிரிண்ட்: கண்ணுக்குத் தெரியற மாதிரி கிடைக்குதா? சகிப்பு: இன்னைக்குப் பாக்கும்போது பல்லக் கடிச்சுக்கிட்டு கடக்க வேண்டியது எவ்ளோ? வரிசை: எதுல வேணா நுழையலாமா, முதல்ல இருந்து பாக்கணுமா?

பிரிண்ட் பத்தி ஒரு வார்த்தை, ஏன்னா மறைமுகச் செலவே அங்க தான். அந்தக் காலத்து அமெரிக்கச் சட்டப்படி காப்புரிமை 28 வருஷம், அப்புறம் புதுப்பிக்கணும். புதுப்பிக்காம விட்ட படமெல்லாம் பொதுச்சொத்தா ஆகிடுச்சு. கேக்க நல்லா இருக்கு, ஓசில பாக்கலாம், ஆனா யாருக்கும் சொந்தமில்லாததுக்கு யாரு காசு போட்டு சுத்தம் பண்ணுவா? டிவிக்காகப் போட்ட 16 எம்எம் பிரதி, அதோட நகல், நகலோட நகல்னு சுத்திக்கிட்டே இருக்கும். ஓசின்னு நினைச்சது கடைசில கண்ணு வலியா வந்து நிக்கும்.

ஷெர்லாக் ஹோம்ஸ் (யூனிவர்சல், 1942–46, 12 படம்)

பேசில் ராத்போன் ஹோம்ஸ், நைஜல் புரூஸ் வாட்சன். 1939ல ஃபாக்ஸ் கம்பெனில இவங்க ரெண்டு படம் பண்ணாங்க, அது பெரிய செலவு, பழைய லண்டன், குதிரை வண்டி எல்லாம் உண்டு. அப்புறம் யூனிவர்சல் வாங்கி 1940களுக்கே ஹோம்ஸக் கொண்டு வந்துட்டாங்க, காரு, ரேடியோ, நாஜி உளவாளி. காரணம் சிம்பிள், உலகப்போர் நடந்துக்கிட்டு இருந்துச்சு, சமகாலக் கதைன்னா உடுப்பும் செட்டும் செலவு கம்மி. 12ல 11 படத்த டைரக்ட் பண்ணது ராய் வில்லியம் நீல்ங்கற ஒரே ஆள். அவருக்கு ஒரு வித்தை தெரியும்: புகை. செட்டு முடியற இடத்துல பனிமூட்டத்த விட்டா போதும், அதுக்குப் பின்னால ஒரு ஊரே இருக்கற மாதிரி தெரியும். யூனிவர்சல்ல பேய்ப்பட செட்டுக்குக் குறைச்சல் இல்ல, எல்லாத்தையும் எடுத்துப் போட்டுக்கிட்டாரு.

'தி ஸ்கார்லெட் க்ளா' (1944) எடுத்துக்கோங்க. கனடாவுல கியூபெக் பக்கம் ஒரு குக்கிராமம், ராத்திரி, பனி, சர்ச் மணி அடிக்குது, நிக்காம அடிக்குது. ஊர்க்காரங்க சத்திரத்துல உக்காந்துக்கிட்டு ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்கறாங்க, யாரும் எழுந்து போகத் தயாரா இல்ல. கடைசில பாதிரியார் போய்ப் பாத்தா ஒரு பொம்பள கழுத்து கிழிஞ்சு செத்துக் கிடக்கா, கை மணிக்கயித்தப் புடிச்சுக்கிட்டு இருக்கு. மணி அடிச்சது உதவிக்குக் கூப்பிட. இதுக்கு என்ன செலவாகியிருக்கும் சொல்லுங்க? ஒரு கயிறு, ஒரு மணிச்சத்தம், பத்து துணை நடிகர்கள், கொஞ்சம் புகை. நான் இத எத்தனை தடவ பாத்தாலும் அந்த மணிக்கு முதுகு சிலிர்க்கும்.

மறைமுகச் செலவு: முதல் மூணு படமும் நாஜி எதிர்ப்புப் பிரச்சார வாசனை அடிக்கும், கடைசில ஹோம்ஸ் நேயர்களுக்குச் சொற்பொழிவு ஆத்துவாரு. வாட்சன கோமாளி ஆக்கிட்டாங்க, மூலக்கதை படிச்சவங்களுக்குக் கோவம் வரும், எனக்கு மூணாவது படத்துக்கு மேல பழகிடுச்சு, ஒரு கட்டத்துல புரூஸ் முணுமுணுக்கறதுக்காகவே பாக்க ஆரம்பிச்சேன். நாலு படம் ('சீக்ரெட் வெப்பன்', 'வுமன் இன் கிரீன்', 'டெரர் பை நைட்', 'டிரெஸ்டு டு கில்') பொதுச்சொத்து, அதனால கன்னாபின்னா பிரிண்ட் சுத்துது, கலர் அடிச்ச பதிப்பு கூட இருக்கு, அந்தப் பக்கம் போயிடாதீங்க. நல்ல சேதி, அமெரிக்காவுல யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்தோட ஆவணக்காப்பகம் இந்த சீரிஸ சுத்தம் பண்ணி மீட்டு வச்சிருக்கு, அந்தப் பிரிண்ட்ல பாத்தா நீல் போட்ட நிழலெல்லாம் கத்தியால வெட்டின மாதிரி இருக்கும்.

வரிசை தேவையே இல்ல. முதல் மூணத் தள்ளி வச்சிட்டு நாலாவதுல இருந்து எதுல வேணா நுழையலாம். பேய்ப்படமும் பிடிக்கும் துப்பறியறதும் பிடிக்கும்னா இதுக்கு மேல யோசிக்க வேணாம்.

சார்லி சான் (ஃபாக்ஸ், அப்புறம் மோனோகிராம், 1931–49, 44 படம்)

இதுல தான் சிக்கல் ஜாஸ்தி, எனக்குப் பிரியமும் ஜாஸ்தி.

ஹொனலுலு போலீஸ்ல வேலை பாக்கற சீனத் துப்பறிவாளர், ஏர்ல் டெர் பிக்கர்ஸ் நாவல்ல 1925ல வந்த பாத்திரம். நடிச்சவரு வார்னர் ஓலண்ட், சுவீடன்ல பொறந்தவர். 16 படம் பண்ணாரு. அதுல தான் அந்த 4 படம் தொலைஞ்சது. அவர் 1938ல இறந்ததும் சிட்னி டோலர், 22 படம், அவரு மிசௌரிக்காரர். அவருக்கப்புறம் ரோலண்ட் விண்டர்ஸ் 6. ஆக 44 படத்துலயும் சான் வேஷம் போட்டதுல ஒரு சீனாக்காரர் கூட இல்ல. ஆனா சானோட மூத்த பையனா வர்ற கீ லூக் நிஜமாவே குவாங்சௌல பொறந்தவர். அப்பா வேஷம் போட்ட சுவீடன்காரர், பையன் மட்டும் அசல். இந்த அபத்தத்த விழுங்க முடியாதவங்க இந்த சீரிஸத் தாண்டிப் போறது தான் சரி, அதுல தப்பே இல்ல. 2003ல எதிர்ப்பு வந்ததும் ஃபாக்ஸோட சொந்தச் சேனலே இந்தப் படங்கள ஒளிபரப்பாம நிறுத்திடுச்சு.

அப்புறம் ஏன் பிரியம்? சுத்தியும் வெள்ளைக்கார போலீஸ்காரங்க கத்துவாங்க, குதிப்பாங்க, தப்பான ஆளப் புடிப்பாங்க, நடுவுல இவர் மட்டும் தொப்பியக் கையில வச்சுக்கிட்டு நிதானமா நிப்பாரு, படம் பூரா மத்தவங்க தான் முட்டாளாவாங்க. இழிவும் மரியாதையும் ஒரே ஃபிரேம்ல இருக்கு, அது தான் தொந்தரவும். ஓலண்டும் கீ லூக்கும் அப்பா பையனா பண்ற ரகளை எந்தக் காலத்துக்கும் பொருந்தும், பையன் நேத்து கத்துக்கிட்ட ஸ்லாங்குல படபடன்னு பேசுவான், அப்பா ஒரு பழமொழிய எடுத்து விட்டு அடக்கிடுவாரு.

முதல்ல பாக்கறதுன்னா 'சார்லி சான் அட் தி ஆப்பரா' (1936), 68 நிமிஷம். 'ஃப்ராங்கன்ஸ்டைன்' பேய்ப்படத்துல அந்தப் பூதமா நடிச்ச போரிஸ் கார்லாஃப் தான் இதுல மனநல விடுதில இருந்து தப்பிச்சு வர்ற பாடகர், பெரிய பெரிய கண்ண வச்சுக்கிட்டு பியானோ முன்னாடி உக்காந்திருப்பாரு, பாடறது வேற ஆளோட குரல். படத்துக்குன்னே ஆஸ்கர் லெவன்ட் ஒரு ஆப்பரா இசை எழுதிக் கொடுத்தாரு, பி படத்துக்கு இதெல்லாம் ரொம்ப ஜாஸ்தி. ஒரு இடத்துல மேடை மேனேஜர், ஃப்ராங்கன்ஸ்டைனே நடந்து வந்தாலும் இன்னைக்கு ஷோ நடக்கும்னு கத்துவாரு, கார்லாஃப் ஏற்கெனவே உள்ள வந்துட்டாருன்னு நமக்கு மட்டும் தெரியும்.

1937ல வந்த ஒலிம்பிக்ஸ் படம் வேற மாதிரி விசித்திரம். பெர்லின் ஒலிம்பிக்ஸ் நியூஸ்ரீல் துண்டுகள ஒட்டிக்கிட்டாங்க, சான் ஹிண்டன்பர்க் வான்கப்பல்ல ஐரோப்பாவுக்குப் பறக்கறாரு. படம் வந்தது மே மாசம், அதே மே 6ம் தேதி தான் ஹிண்டன்பர்க் நியூ ஜெர்சில எரிஞ்சு விழுந்துச்சு.

1944ல இருந்து மோனோகிராம் கம்பெனி எடுத்துக்கிச்சு, டோலரே பிக்கர்ஸோட மனைவிகிட்ட உரிமை வாங்கிக்கிட்டு அங்க போனாரு. அங்க காசுங்கறதே இல்ல, ஒரே ஹாலு ஒரே சோபா. துப்பறியற பகுதிய தள்ளிடலாம், ஆனா டிரைவர் பர்மிங்ஹாம் பிரவுனா வர்ற மான்டன் மோர்லண்ட தள்ள முடியாது. 'தி ஸ்கார்லெட் க்ளூ' (1945)ல அவரும் பென் கார்ட்டரும் ஒருத்தர் வாக்கியத்த முடிக்கறதுக்குள்ள இன்னொருத்தர் பதில் சொல்ற மாதிரி பேசுவாங்க. அன்னைக்குப் பாத்தேனே அந்த, ஓ அவனா அவன் தான், இல்லப்பா அதுக்கப்புறம், ஆமா தெரியும்னு போய்க்கிட்டே இருக்கும், யாரப் பத்தி என்ன பேசினாங்கன்னு நமக்குக் கடைசி வரைக்கும் தெரியாது, அவங்களுக்கு எல்லாம் புரிஞ்சிருக்கும். படம் அவருக்குக் கொடுத்த வேலை கருப்பினத்தவர் பயந்து ஓடற காமெடி, அந்தக் காலத்து அவமானம், ஆனா ஆளோட டைமிங் அந்தப் பாத்திரத்தை விட நூறு மடங்கு பெருசு.

ஆக, கொஞ்சம் பொறுமையும் சரித்திர ஆர்வமும் இருந்தா ஓலண்ட் படங்கள். வீட்டுல சின்னப் பசங்களோட உக்காந்து பாக்கறதுன்னா இது வேணாம், அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதடவ நிறுத்தி விளக்கம் கொடுக்கணும்.

தி ஃபால்கன் (ஆர்கேஓ, 1941–46, 13 படம்)

கோட்டு சூட்டு, மதுக்கோப்பை, பொண்ணுங்க. முதல்ல ஜார்ஜ் சாண்டர்ஸ், ஏற்கெனவே அதே கம்பெனில 'செயின்ட்' சீரிஸ் அஞ்சு படம் பண்ணிட்டு வந்தவர், சலிப்பு மூஞ்சிலயே எழுதி ஒட்டியிருக்கும். நாலாவது படத்துல விலகிட்டாரு, விலகின விதம் தான் அழகு: 'தி ஃபால்கன்ஸ் பிரதர்'ல (1942) சகோதரர்னு ஒருத்தர் வந்து சீரிஸ எடுத்துக்கறாரு, நடிச்சது டாம் கான்வே, சாண்டர்ஸோட நிஜ அண்ணன். ரெண்டு பேரும் ரஷ்யாவுல செயின்ட் பீட்டர்ஸ்பர்க்ல பொறந்தவங்க. தம்பி சலிச்சுக்கிட்டு விட்டத அண்ணன் இன்னும் ஒம்பது படம் ஓட்டினாரு, எனக்கு அண்ணன் தான் பிடிக்கும், இந்த வேலை கிடைச்சதுல அவருக்கு ஒரு சந்தோஷம் தெரியுது.

புதிர் சுமார் தான், ஆனா ஒரு விதிவிலக்கு. 'தி ஃபால்கன் டேக்ஸ் ஓவர்' (1942) ரேமண்ட் சாண்ட்லரோட நாவல ஃபால்கனுக்கு மாத்தி எடுத்தது. ரெண்டே வருஷத்துல அதே ஆர்கேஓ அதே நாவல 'மர்டர் மை ஸ்வீட்'னு பெரிய படமா எடுத்துச்சு. ரெண்டையும் அடுத்தடுத்த ராத்திரி பாருங்க, காசு இருந்தா என்ன ஆகும் இல்லன்னா என்ன ஆகும்னு தெரிஞ்சுக்க இத விட நல்ல பாடம் இல்ல.

செலவு: பொண்ணுங்கள விரட்டற காமெடி பத்து நிமிஷத்துல திகட்டும், ஒரே வாரத்துல நாலு பாத்தா எந்தக் கதை எதுலன்னு குழம்பும். நாள் பூரா வேலை பாத்துட்டு வந்து மூளையக் கழட்டி வச்சிட்டு உக்காரறவங்களுக்கு இது.

பாஸ்டன் பிளாக்கி (கொலம்பியா, 1941–49, 14 படம்)

முன்னாள் நகைத்திருடன், இப்போ திருந்திட்டான், போலீஸ் நம்ப மாட்டேங்குது, ஒவ்வொரு படத்துலயும் பழி இவன் மேல விழும், உண்மையான ஆளப் புடிச்சுக் கொடுத்தா தான் தப்பிக்கலாம். 14 படமும் இது தான். செஸ்டர் மோரிஸ் நிஜத்துலயே மேஜிக் பண்றவர், அந்த விரல் சுறுசுறுப்பு நடிப்புலயும் இருக்கும். முதல் படம் 'மீட் பாஸ்டன் பிளாக்கி' ஒரு மணி நேரம், கப்பல்ல ஆரம்பிச்சு கோனி ஐலண்ட் பொருட்காட்சிக்குள்ள ஓடும், மூச்சு விட நேரம் இருக்காது. மத்ததெல்லாம் இதுல ஒரு படி கம்மி. டைரக்டர் வேட்டைக்குப் போறவங்களுக்கு ஒரு லாபம்: எட்வர்ட் டிமிட்ரிக், பட் பெட்டிக்கர் எல்லாம் இங்க கை பழகினவங்க. மத்தபடி ரொம்ப சொல்ல ஒண்ணுமில்ல, மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் பாக்கற படம்.

தி விஸ்லர் (கொலம்பியா, 1944–48, 8 படம்)

இத லிஸ்ட்ல சேத்தது ஏமாத்து வேலை மாதிரி தான், ஏன்னா இதுல நிரந்தரத் துப்பறிவாளரே கிடையாது. ரேடியோ நாடகத்துல இருந்து வந்தது, ஒரு நிழல் விசிலடிச்சுக்கிட்டு நடந்து போகும், அந்த நிழல் தான் கதை சொல்லும். முதல் 7 படத்துல ரிச்சர்ட் டிக்ஸ், ஆனா ஒவ்வொண்ணுலயும் வேற வேற ஆளு, ஒண்ணுல பாவம், ஒண்ணுல பாவி. மௌனப் படக்காலத்து ஸ்டாரு, இதுக்கு வரும்போது உடம்பு விட்டுப்போச்சு, அந்தக் களைப்பு பாத்திரத்துக்கெல்லாம் அப்படியே பொருந்துது.

'தி மார்க் ஆஃப் தி விஸ்லர்' (1944): சோத்துக்கில்லாம பார்க்ல கிடக்கற ஒருத்தன் பழைய பேப்பர்ல ஒரு விளம்பரம் பாக்கறான், பேங்குல யாரும் கேக்காம கிடக்கற கணக்கு, பேரு தன்னோட பேரே. நான் தான் அந்த ஆளுன்னு போய் நின்னு பணத்த வாங்கிடறான். பணத்தோட அந்த நிஜ ஆளோட பகையும் சேந்து வரும்னு அவனுக்குத் தெரியாது. பேங்குல அவன் கையெழுத்துப் போடற இடத்துல எனக்கு உள்ளங்கை வேர்த்துச்சு. டைரக்டர் வில்லியம் காசில், சீரிஸ்ல நாலு படம் அவரோடது.

'மிஸ்டீரியஸ் இன்ட்ரூடர்'ல (1946) டிக்ஸ் தனியார் துப்பறிவாளர் தான், ஆனா நாணயம் கம்மி. 61 நிமிஷத்துல இவ்ளோ இருட்டா ஒரு படம் எடுக்க முடியுமான்னு இருக்கும்.

மறைமுகச் செலவு: சிரிப்பே கிடையாது, துணைக்கு ஆளும் கிடையாது. மத்த நாலு சீரிஸும் சோபால சாஞ்சுக்கிட்டு பாக்கறது, இது நிமிந்து உக்காந்து பாக்கறது. கொலைகாரன் யாருங்கறத விட இவன் எப்போ மாட்டுவாங்கறது உங்களுக்குப் பிடிக்கும்னா இங்க வந்துடுங்க.

ஒரு பார்வைல

| சீரிஸ் | துணை | புதிர் | பல்லக் கடிக்க வேண்டியது | முதல் படம் |
|---|---|---|---|---|
| ஹோம்ஸ் | அருமை | நல்லா இருக்கும் | போர்ப் பிரச்சாரம் | தி ஸ்கார்லெட் க்ளா |
| சார்லி சான் | அருமை (ஓலண்ட்) | நல்லா இருக்கும் | இன வேஷம், ரொம்பவே | அட் தி ஆப்பரா |
| ஃபால்கன் | ஜாலி | சுமார் | பொண்ணுங்கள விரட்டறது | டேக்ஸ் ஓவர் |
| பாஸ்டன் பிளாக்கி | ஜாலி | ஒரே புதிர் | திரும்பத் திரும்ப வர்றது | மீட் பாஸ்டன் பிளாக்கி |
| விஸ்லர் | யாருமில்ல | பிரமாதம் | கம்மி | மார்க் ஆஃப் தி விஸ்லர் |

லிஸ்ட்ல வராதவங்க

பீட்டர் லோரி நடிச்ச மிஸ்டர் மோட்டோ 8 படம், சானுக்குச் சொன்ன அதே வேஷப் பிரச்சனை, ஆனா சண்டையெல்லாம் போடுவாரு. மோனோகிராமோட மிஸ்டர் வாங் 6 படம், அஞ்சுல கார்லாஃப், என் டிவிடி பெட்டில மூஞ்சி தெரியாம மெதந்தது அவரு தான். ஆறாவது 'ஃபேன்டம் ஆஃப் சைனாடவுன்' (1940) மட்டும் தேடிப் பாருங்க, அதுல கீ லூக் பையன் இல்ல, அவரே துப்பறிவாளர். படம் சுமார், ஆனா அவர் நிமிந்து நடந்து வர்றத பாக்கறதுக்கே ஒரு மணி நேரம் கொடுக்கலாம்.

வார்னர் பிரதர்ஸோட டார்ச்சி பிளேன் 9 படம், 7ல கிளெண்டா ஃபாரல், பத்திரிகைக்காரி, போலீஸ் காதலன விட நாலு மடங்கு புத்திசாலி, நிமிஷத்துக்கு எத்தனை வார்த்தை பேசறாங்கன்னு எண்ண முடியாது. சப்டைட்டில் இல்லாம போகாதீங்க. சூப்பர்மேன் கதையில வர்ற லோயிஸ் லேனுக்கு இவங்க தான் முன்மாதிரின்னு அத உருவாக்கின ஜெர்ரி சீகலே சொல்லியிருக்காரு.

இவ்ளோ படிச்சும் முடிவெடுக்க முடியலன்னா இன்னைக்கு ராத்திரியே 'டெரர் பை நைட்' (1946) போடுங்க. சரியா ஒரு மணி நேரம், லண்டன்ல இருந்து எடின்பரோ போற ரயில், ஒரு வைரம், ஒரு பிணம், கூட ஹோம்ஸும் வாட்சனும். முக்கால்வாசிப் படம் ஒரு நடைபாதையும் நாலு பெட்டியும் தான், ஜன்னலுக்கு வெளிய ஓடற இருட்டு ஓசி. ஓசி பிரிண்ட்லயே பாக்கறதா இருந்தா ஒரு பரிட்சை: ஸ்டேஷன் சீன் வரைக்கும் பாருங்க, கும்பல்ல ராத்போன் மூக்கு தனியா தெரிஞ்சா தொடருங்க, தெரியலன்னா மூடிட்டு வேற பிரிண்ட் தேடுங்க.